முன்பணம் திரும்பக் கிடைத்தவர்

ஒரு கம்பனியின் பெயரில் பேக்கரி போடுவதற்கு முன்பணம் கட்ட, அவர்களின் கண்டி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வாசலோரக் கதிரையில் மஹய்யாவ ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை. மடியில் கிடந்த கம்பனித் தொப்பியைத் தடவிக்கொண்டே இருந்தார். அவரும் முன்பணம் கட்டியவராம்.

"கடை சரிவராட்டி காசு திரும்பக் கெடைக்குமாண்ணே?"

"கெடைக்கும் தம்பி. எனக்கே தர்றோம்னு சொல்லிட்டாங்க. நம்பிக் கட்டுங்க."

கட்டினேன். மூன்று மாதமாகியும் கடையும் இல்லை, காசும் இல்லை. பஸ் நிலையத்தில் அவரைப் பிடித்தேன்.

"ஏண்ணே பொய் சொன்னீங்க?"

"பொய் இல்ல தம்பி," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "இன்னொருத்தரக் கட்ட வச்சா என் காசத் தர்றோம்னாங்க. நீங்க கட்டின அன்னைக்கே குடுத்துட்டாங்க."

அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் இன்று காலையிலிருந்து அதே கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன்.