மூடி வைத்த கம்பங்கள்

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும் முறையை விளக்க, மூன்று வாரம் உட்கார்ந்து ஓர் அனிமேஷன் செய்தேன். ஒவ்வொரு எண்ணும் ஒரு கம்பம். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கம்பங்கள் சிவப்பாகும். இடப்பக்கத்துக் கம்பம் உயரமாக இருந்தால் இரண்டும் இடம் மாறும். மாணவர்கள் ரசித்துப் பார்த்தார்கள். ஆனால் மறுநாள் அதையே தாளில் எழுதச் சொன்னபோது பாதிப் பேருக்கு வரவில்லை.

ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிலிபின் வட்டாரத்தில் இருக்கும் என் வீட்டுக்குச் சாப்பிட வந்த அக்காவிடம் அதைப் போட்டுக் காட்டினேன். அக்கா கிளினிக் கவுண்டரில் வேலை செய்கிறாள். கொஞ்ச நேரத்திலேயே பொறுமை இழந்துவிட்டாள்.

"குட்டக் கம்பம் கடைசில நிக்குது லா. நேரா போய் எடுத்துட்டு வராம, ஏன் ஒவ்வொரு படியா நகத்துது?"

"அது அங்க இருக்கறது கம்ப்யூட்டருக்குத் தெரியாதுக்கா. ஒரு நேரத்துல ரெண்டைத்தான் பாக்கும்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் எல்லாத்தையும் காட்டுற?"

 அவள் தேநீர் குடித்து முடிப்பதற்குள், எல்லாக் கம்பங்களையும் ஒரே அளவுச் சாம்பல் நிறப் பெட்டிகளால் மூடினேன். ஒன்றைத் தொட்டால் அதுவும் அடுத்ததும் மட்டும் திறந்து, பிறகு மூடிக்கொள்ளும். மாற்றுவதா வேண்டாமா என்று பார்ப்பவரே முடிவு செய்ய வேண்டும்.

அக்கா இடமிருந்து வலமாகத் தொட்டுக்கொண்டே போனாள், கடைசிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மூன்றாவது சுற்றில் நிமிர்ந்தாள்.

"ஒரு சுத்து போனா, பெருசு கடைசிக்கு வந்துருது. அப்புறம் அதை எதுக்குத் திறக்கணும்? வேஸ்ட் லா."

என் அனிமேஷன் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கடைசிக் கம்பம்வரை வீணாகப் போய்க்கொண்டிருந்தது. செய்தவன் நான், எனக்கே அது கண்ணில் படவில்லை. சிரித்துக்கொண்டே திருத்தினேன்.

திங்கட்கிழமை வகுப்பில் பெட்டிகளால் மூடிய அனிமேஷனைக் கொடுத்தேன். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு தாங்களாகவே தாளை எடுத்துக் குறிக்கத் தொடங்கினார்கள். ஒரு மாணவி கை தூக்கினாள். எல்லாம் மூடியிருக்கும்போது, அடுக்கி முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டாள். பதில் வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பாட நேரம் முடிந்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒரு முழுச் சுற்றில் எதுவுமே இடம் மாறாவிட்டால் முடிந்தது என்று, கடைசியில் பின்வரிசையிலிருந்து பதில் வந்தது.