ஊசியில் தங்கிய அட்டைகள்

போன செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில், படவேட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த பொன்னி என் வாசலில் நின்றாள். "நர்ஸம்மா போய்ட்டாங்கக்கா" என்றாள். வாணியம்பாடியில் தம்பி வீட்டில், தூக்கத்திலேயே மெகருன்னிசா அக்காவின் உயிர் பிரிந்ததாம். நம் மலையில் அவர் கை படாத குழந்தை குறைவு. இது நமக்கெல்லாம் பொதுவான துக்கம்.

நம் மருத்துவ நிலையத்தில் அவர் வைத்திருந்த அட்டைகள் உங்களுக்கு நினைவிருக்கும். ஆளுக்கு ஒன்று, ஓரம் முழுக்கத் துளைகள். எந்த ஊர், ரத்தம் பரிசோதித்தாயிற்றா, எந்த குரூப் என்று துளைக்கு ஒரு கேள்வி. 'ஆமாம்' என்றால் அந்தத் துளையை ஓரம்வரை வெட்டிவிட வேண்டும். அட்டைகளை அடுக்கி, வேண்டிய துளையில் ஸ்வெட்டர் பின்னும் ஊசியைச் செருகித் தூக்கினால் வெட்டியவை விழும், மற்றவை தொங்கும். நான் எழுத்துக்கூட்டி நானாகவே படித்தவள். வீட்டுக் கணக்கைப் பிசகாமல் எழுதுவேன் என்று கேள்விப்பட்டு, அட்டை வெட்ட என்னைக் கூப்பிட்டார்.

முதல் நாள் ஒருவரைத் தேட எல்லா அட்டையையும் பரப்பி வைத்தேன். "இன்னா லட்சுமி, ஊரையே கூட்டி நிக்க வச்சிட்டே? யாரு வேணுமோ அவங்கள மட்டும் கூப்பிடு" என்று சிரித்தார்.

பொன்னிக்குப் பிரசவமாகி ரத்தம் நிற்காத அன்று அவர் சிரிக்கவில்லை. திருப்பத்தூருக்குப் போக ஜீப் தயார். ரத்தம் கொடுக்கக் கூடவே ஓர் ஆள் வேண்டும், ஓ குரூப். அக்கா முதலில் எங்கள் ஊருக்கான துளையில் ஊசியைச் செருகினார். விழுந்தவற்றை அடுக்கி, 'ஓ' துளையில் செருகினார். இரண்டே அட்டைகள் விழுந்தன. இருவருமே புளி உலுக்க மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தார்கள்.

"வேற யாரும் இல்லக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"இல்லேன்னு யாரு சொன்னது? ஊசியில நிக்கிறவங்கள்ல வேற குரூப்பும் இருக்காங்க, நாம கேக்காதவங்களும் இருக்காங்க."

தங்கியவற்றை மறுபடி அடுக்கி, 'பரிசோதித்தாயிற்று' என்ற துளையில் ஊசியைச் செருகித் தூக்கினார். தொங்கியவற்றில் முதல் அட்டை என்னுடையது.

"அடியே! ஊரு அட்டையெல்லாம் வெட்டினியே, ஒன் கைய நீட்டினியா?"

விரலில் குத்திப் பார்த்தார். ஓ.

அந்த அவசரத்திலும் கத்தரியை எடுத்து என் அட்டையை வெட்டினார். "வண்டி நிக்குதுக்கா, இப்ப இது இன்னாத்துக்கு?" என்றேன்.

"நாளைக்கு இன்னொருத்தி தேடுனா நீ கெடைக்கணும் இல்ல?"

ஜீப்பில் நான் முருகனை வேண்டினேன். அவர் உதடுகள் துஆ ஓதின. ஒரு கை பொன்னியின் நாடியில் இருந்தது. மறு கை என் முழங்காலில்.

பிற்பாடு ஓய்வு பெற்று மலையை விட்டு இறங்கியபோது அந்த ஊசியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பூஜை மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்றும் எதையாவது கணக்கில் எழுதும்போது, தெரியாத இடத்தில் 'இல்லை' என்று நான் எழுதுவதில்லை. வெறுமையாக விட்டுவிட்டு, போய்க் கேட்கிறேன். அக்கா அன்று அப்படிக் கேட்டதால்தான், அவர் போன செய்தியைச் சொல்லி அழ என் வாசலுக்குப் பொன்னி வந்தாள்.