எந்த இடுப்பில்?

என் மகனுக்குக் காதில் குறை எந்த நாளில் வந்தது? பிறந்தபோதே இருந்ததா, ஏழாம் மாதக் காய்ச்சலிலா, நான் காதில் எண்ணெய் விட்ட ஏதோ ஒரு சனிக்கிழமையிலா? அவனுக்கு இப்போது நாலரை வயது. இந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் விடை இல்லை. மற்றபடி நாங்கள் நன்றாக இருக்கிறோம். கைக்குழந்தையோடு இதே கவலையில் இருக்கும் தாய்மார்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

எட்டாம் மாதத்தில் எனக்குச் சந்தேகம் தட்டியது. செம்பூரில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. ராசுவை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் எல்லா வேலையும் செய்வேன். இடையிடையே அவனோடு மெல்லப் பேசுவேன். அவன் சன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான். பெயரைச் சொன்னாலும் முகம் திரும்பாது. மாலையில் அலுவலகத்திலிருந்து வந்து என் கணவர் அவனைத் தூக்கி, "லேய் ராசு" என்று முணுமுணுத்தால் போதும். உடனே திரும்பி அவர் மீசையைப் பிடிப்பான்.

"பாத்தியா? நல்லாக் கேக்கான்ட்டி."

"அப்போ நான் கூப்பிட்டா ஏன் திரும்ப மாட்டேங்கான்?"

"நாள் முழுக்க ஒன் கொரலத்தான கேக்கான். சலிச்சுப் போயிருக்கும்."

பக்கத்து வீட்டில் இருக்கும் மதினி, என் கணவருக்கு அண்ணன் முறை ஆனவரின் மனைவி, அவளும் சேர்ந்துகொள்வாள். "ஆம்பளப் பிள்ள எல்லாம் மெதுவாத்தான் செய்யும். நீ படிச்சவல்லா, அதான் பயமும் ஜாஸ்தி."

அவர்கள் சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன். மறுநாள் அவனுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பார்ப்பேன். திரும்புவான். ஆனால் நான் வலப்பக்கம் நின்று போட்டாலும் இடப்பக்கம்தான் தேடுவான். திரும்பிவிட்டானே என்ற ஆறுதலில் அதை நான் பொருட்படுத்தவில்லை. நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள்.

பத்தாம் மாதத்தில் அவர் இறங்கி வந்தார். "சரி, ஒன் திருப்திக்கு ஒரு தடவ காட்டிருவோம்." குர்லாவில் வண்டி மாறி மாட்டுங்காவுக்குப் போனோம். வழியெல்லாம் எனக்கு இரண்டு பயம். குறை இருந்துவிடுமோ என்று ஒன்று. ஒன்றும் இல்லையென்றால், அவருக்கு ஒரு நாள் சம்பளத்தைக் கெடுத்தேனே என்று மற்றொன்று.

காது டாக்டர் மராட்டியர். மாட்டுங்காவிலேயே வெகுகாலமாக இருப்பதால் தமிழ் பேசுவார். பெரியவர், சிறியவர், எல்லாரும் அவருக்கு "நீ"தான். முதலில் விளக்கு வைத்துச் செவிப்பறையைப் (காதுக்குள் ஒலி பட்டு அதிரும் சவ்வு) பார்த்தார். இரண்டும் சுத்தமாக இருப்பதாகச் சொன்னார்.

"இப்போ குழந்தையை மடியிலே வை. நீ பொம்மை மாதிரி உட்காரு. சத்தம் வந்தா அவன் திரும்பணும், நீ திரும்பக் கூடாது."

நர்ஸ் எதிரே ஒரு சிவப்புப் பந்தை ஆட்டி அவனைப் பார்க்க வைத்தாள். டாக்டர் எங்களுக்குப் பின்னால் நின்றார். இடப்பக்கம் காகிதத்தைக் கசக்கினார். ராசு திரும்பினான். கோப்பை விளிம்பில் கரண்டியை உரசினார். திரும்பினான். வலப்பக்கம் காகிதம். ஒன்றும் இல்லை. கரண்டி. ஒன்றும் இல்லை. பிறகு மணி. ராசு திரும்பினான், இடப்பக்கம். யாரும் இல்லாத அந்த இடத்தில் மணியைத் தேடிக்கொண்டே இருந்தான். என் தொடை மரத்துப் போயிருந்தது. நான் அசையவில்லை.

டாக்டர் முன்னால் வந்தார். "நீ இவனை எந்த இடுப்பிலே வைக்கிறே?"

இதென்ன கேள்வி என்று இருந்தது. இடது இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். வேலைக்கு வலது கை வேண்டுமே.

"நீ?" என்றார் என் கணவரிடம். அவர் வலது கையை நீட்டினார். அவருக்கு இடது கைப் பழக்கம். கல்யாணமான நாளிலிருந்து நொட்டாங்கை என்று நான் அதைக் கேலி செய்திருக்கிறேன்.

என் இடுப்பில் இருந்து முன்னால் பார்க்கும்போது அவனுடைய வலது காது என் பக்கம் இருக்கும். அவர் கையில் இருக்கும்போது இடது காது.

"நீயும் சரி, நீயும் சரி" என்று டாக்டர் எங்கள் இருவரையும் காட்டிச் சொன்னார். "அப்பா குரல் கேட்குது. உன் குரல்தான் கேட்கலே."

வலது செவி நரம்பில் (ஒலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு) குறை இருக்கும், அதற்கு மருந்து இல்லை என்றார். நான்கு வயதில் ஆடியோமீட்டரில் (ஒவ்வொரு காதுக்கும் தனியே ஒலி கொடுத்து அளக்கும் கருவி) பார்த்தபோதும் அதையேதான் சொன்னார்கள்.

"பேசுவானா டாக்டர்?"

"ஒரு காது போதும். பேசுவான். அப்புறம் நீயே வாயை மூடுன்னு சொல்லுவே."

எண்ணெயைப் பற்றிக் கேட்டேன். அது நரம்பு வரைக்கும் போகாது, ஆனாலும் இனி விடாதே என்றார். அந்த முதல் பாதியை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.

குர்லா பிளாட்பாரத்தில் வண்டிக்காகக் காத்து நின்றோம். என் கணவர் ராசுவை என்னிடமிருந்து வாங்கி, சுற்றி வந்து என் வலது இடுப்பில் வைத்தார்.

"இனி நீயும் நொட்டாங்கைதான். கூப்புடு."

நான் மெல்ல "ராசு" என்றேன். அவன் திரும்பினான். இந்தக் குரலுக்கு முகம் இதுதானா என்பதுபோல என் வாயையே பார்த்தான்.

ஒரு மாதம் வலது இடுப்பு வலித்தது. இடது கை கரண்டி பிடிக்கவும் பஸ்ஸில் சில்லறை எண்ணவும் கற்றுக்கொண்டது. அவன் நடக்கத் தொடங்கிய பிறகும் என் உடம்பு தானாகவே அவனுடைய இடப்பக்கம் போய்விடும். யாரோடு நடந்தாலும் இப்போது அப்படித்தான். வண்டி எந்தப் பக்கம் வருகிறதென்று அவனுக்குத் தெரியாது. அதனால் தெருவில் அவன் கையை விடுவதில்லை. சளி பிடித்தால் அன்றே டாக்டரிடம் காட்டிவிடுவோம். கூப்பிட்டதற்கும் அவன் திரும்புவதற்கும் நடுவில் உள்ள ஒரு மூச்சு நேரம் முன்பு எனக்குத் திகிலாக இருக்கும். இப்போது நின்று நிதானமாகக் காத்திருக்கிறேன்.

பதினான்காம் மாதத்தில் "பஸ்" என்றான். அதன் பிறகு டாக்டர் சொன்னதெல்லாம் பலித்துவிட்டது.

எங்கள் அறையில் என்ன சத்தம் இருந்தாலும் அவன் இடது காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு தூங்கிவிடுவான். போன வாரம் மதினி வலப்பக்கமிருந்து ஏதோ சொன்னாள். "அந்தக் காது தூங்குது, இதுல சொல்லுங்க பெரியம்மா" என்றான். பிறகு என்னிடம் வந்து, "ஒனக்கு எந்தக் காதும்மா தூங்கும்?" என்று கேட்டான்.

நான் யோசிக்காமல் என் வலது காதைத் தொட்டுக் காட்டினேன். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

வருகிற ஜூனில் பள்ளிக்கூடம் போகிறான். அங்கே மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு காதும் விழித்திருக்கும். அதற்கு முன்னால் நான் சொன்ன பொய்யைத் திருத்த வேண்டும், அவன் முகம் வாடாமல். இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவர்கள் யாராவது இருந்தால், என்ன சொல்லலாம் என்று எனக்கு எழுதுங்கள்.