இரண்டும் சமம் என்றார் அப்பா

என் அப்பாவின் கணக்குக்கு முகப்பவுடர் வாசம் இருந்தது. துறைமுகத்து உப்புக் காற்றில் அவருடைய "ஸ்லைட் ரூல்" அடிக்கடி இறுகிப்போகும். உடனே அதன் நடுச்சட்டத்தை உருவி எடுத்து, அம்மாவின் பவுடர் டப்பாவைக் கேளாமல் கொள்ளாமல் திறந்து, இரண்டு விரலால் பூசி, மறுபடி செருகி முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பார். கோவிலுக்குப் புறப்படும் நேரத்தில் டப்பா காலியாகக் கிடப்பதைக் காணும் அம்மா, இந்தக் கட்டைக்கு இருக்கிற வடிவு வீட்டில் ஒருத்தருக்கும் இல்லை என்று புறுபுறுப்பார்.

பார்ப்பதற்கு அது ஒரு தடித்த அடிமட்டம்தான். மேலும் கீழும் மயிரிழைக் கோடுகள். நடுச்சட்டத்தை நகர்த்தினால் பெருக்கல், வகுத்தல், மடக்கை எல்லாவற்றையும் கண்ணால் வாசித்துக்கொள்ளலாம், ஆனால் விடையின் முதல் மூன்று இலக்கங்கள்தான் தெரியும், அதற்கப்பால் ஒன்றும் தெரியாது. கப்பல் திருத்தும் டொக்யார்ட்டில் வெள்ளைக்காரக் கடற்படைக்கு வரைபடம் கீறிக்கொடுத்த அப்பாவுக்கு அது தாராளமாகப் போதும். "மூண்டு இலக்கம் சரியெண்டால் கப்பல் மிதக்கும்" என்பது அவர் வாயில் எப்போதும் இருந்த கதை. கல்குலேட்டர் என்ற சொல்லையே நாங்கள் கேள்விப்படாத காலம் அது.

பிறகு கடற்படை போயிற்று, அதோடு அப்பாவின் வேலையும் போயிற்று. வெளிக்கிட்டுப் போன கப்பல்களைத் துறைமுகத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தவர், நெடுநாள் வீட்டுக் கதிரையிலேயே இருந்தார். குசினியில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. அப்பாவோ கதிரையில் இருந்தபடியே இரண்டைத் திரும்பத் திரும்பப் பெருக்கினால் வரும் வலுக்களையும், அதேபோல மூன்றின் வலுக்களையும் ஸ்லைட் ரூலில் ஓட்டி ஓட்டி, எது பெரிது எது சிறிது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குச் சோறில்லாத வீட்டில் இது என்ன விளையாட்டு என்று மாமா ஒருமுறை எங்கள் முன்னாலேயே கேட்டார். அப்பா சிரித்துச் சமாளித்தார். எனக்குத்தான் நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து இரும்புக்கடை முதலாளி ஒருவர் தன் கடையின் மேல்மாடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசு கட்டிப் படிக்கும் "டியூட்டரி" ஒன்றைத் தொடங்கினார். ஊரில் அதுதான் முதலாவது. கணக்குக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அப்பா போனார். முதலில் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்கள், பிடித்தால் வேலை உங்களுக்குத்தான் என்று முதலாளி சொன்னாராம். அன்று வீட்டில் நடந்த அமளி கொஞ்சமல்ல. அம்மா வேட்டியைத் தோய்த்துக் கஞ்சி போட்டார். என் மகளும் அந்த வகுப்புப் பிள்ளைதான் என்று சொல்லி அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போய் முன் வாங்கில் இருத்தினார்.

உள்ளதைச் சொன்னால், நன்றாகத்தான் தொடங்கினார். இரண்டின் அறுபதாம் வலு பெரிதா, மூன்றின் நாற்பதாம் வலு பெரிதா என்று கேட்டார். சுட்டி பெரிது என்று பாதிப்பேர் இரண்டின் பக்கம், அடி பெரிது என்று பாதிப்பேர் மூன்றின் பக்கம். ஒருவரும் பெருக்கத் தேவையில்லை என்றார் அப்பா. அறுபது என்பது மூன்று இருபது, இரண்டை மூன்று தரம் பெருக்கினால் எட்டு, ஆகவே முதலாவது எட்டின் இருபதாம் வலு. நாற்பது என்பது இரண்டு இருபது, மூன்றை இரண்டு தரம் பெருக்கினால் ஒன்பது, ஆகவே மற்றது ஒன்பதின் இருபதாம் வலு. சுட்டியைச் சமப்படுத்திவிட்டால் அடியைப் பார்த்தே சொல்லிவிடலாம், ஒன்பதுதான் பெரிது. வகுப்பு முழுக்க "ஓ" என்றது. பின்னால் கதவோரம் நின்ற முதலாளி தலையை ஆட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கதிரையில் இருந்த காலத்தில் தான் கண்டுபிடித்த அதிசயம் ஒன்றைக் காட்டப்போகிறேன் என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து ஸ்லைட் ரூலை எடுத்தார். இரண்டின் எண்பத்து நான்காம் வலு ஒருபக்கம், மூன்றின் ஐம்பத்து மூன்றாம் வலு மறுபக்கம். இரண்டின் மடக்கையை எண்பத்து நான்கால் பெருக்கினால் இருபத்தைந்து தசம் மூன்று. மூன்றின் மடக்கையை ஐம்பத்து மூன்றால் பெருக்கினாலும் இருபத்தைந்து தசம் மூன்று. முன்வரிசைப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, கோடு ஒரே இடத்தில் நிற்பதைக் காட்டினார். "பாருங்கோ, இரண்டும் சமம்" என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பின்வாங்கிலிருந்து றகீம் எழும்பினான். கிண்ணியாவிலிருந்து வருகிறவன். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றித் துறையைக் கடக்கும் பெரிய மிதவையை நாங்கள் "பாதை" என்போம். அந்தப் பாதை பிடித்து, பிறகு பஸ் பிடித்து வந்து படித்தான். அதிகம் வாய் திறக்காத பிள்ளை.

"சேர், ரெண்ட எத்தின தரம் பெருக்கினாலும் இரட்டை எண்தானே வரும். மூண்டப் பெருக்கினா ஒற்றை. அப்ப எப்புடி சேர் ரெண்டும் சமனா வரும்?"

மரியாதையாகத்தான் கேட்டான். கேட்டு முடிக்குமுன்னே எனக்கு விளங்கிவிட்டது. இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம், என் அப்பாவுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? அப்பா கையிலிருந்த சட்டத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்த இடைவெளியில் முதலாளி முன்னுக்கு வந்துவிட்டார். அவருக்கு வலுவும் தெரியாது, சுட்டியும் தெரியாது. ஒரு பொடியன் புது வாத்தியாரை மடக்கப் பார்க்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. சேருக்கே படிப்பிக்க வந்தனியோ என்று உறுக்கி, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போ, நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராதே என்று கலைத்துவிட்டார். றகீம் போனான். படியில் அவன் செருப்புச் சத்தம் இறங்குவது எல்லோருக்கும் கேட்டது. அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். வேலை அவருக்குக் கிடைத்துவிட்டது.

வேலை கிடைத்த சந்தோசத்தில் வீட்டில் அம்மா சர்க்கரைப் புக்கை பொங்கினார். அப்பா இரண்டு வாய் வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். பிறகு பழைய வரைபடத் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் பெருக்கத் தொடங்கினார். இரண்டு, நான்கு, எட்டு என்று ஏறி ஏறி இரண்டின் எண்பத்து நான்காம் வலுவரை. பிறகு மூன்று, ஒன்பது, இருபத்தேழு என்று மறுபக்கம். எங்காவது இடறினால் மீண்டும் மேலிருந்து. வகுப்பில்லாத சனி ஞாயிறு முழுக்க அதுதான் வேலை. தாளைப் பிடித்துக்கொண்டு நானும் பக்கத்தில் இருந்தேன். கடைசியில் இரண்டு எண்களும் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

19342813113834066795298816
19383245667680019896796723

இரண்டும் இருபத்தாறு இலக்கம். ஒன்று, ஒன்பது, மூன்று என்று முதல் மூன்று இலக்கமும் இரண்டிலும் ஒன்றே. நான்காவதில்தான் ஒன்று நாலு, மற்றது எட்டு என்று பிரிந்தன. மூன்றின் வலுதான் பெரிது. கப்பல் மிதக்கப் போதுமான மூன்று இலக்கம், றகீமுடைய கேள்விக்குப் போதவில்லை. அப்பா அந்த நாலையும் எட்டையும் பென்சிலால் வட்டமிட்டார்.

திங்கட்கிழமை வகுப்பில் போய்ச் சொல்லப்போகிறேன் என்றார். அம்மா அகப்பையோடு ஓடி வந்தார். கிடைத்த வேலையைக் காலால் உதைக்கப் போகிறீர்களா, அந்தப் பொடியன் வேறு எங்காவது படித்துக்கொள்வான், பேசாமல் இருங்கள் என்று கெஞ்சினார். வேறு எங்கே படிப்பான் என்று அப்பா கேட்டார். ஊரில் வேறு இடம் இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். "அவன் சரியாச் சொன்னதுக்கு அவனை வெளியில விட்டிருக்கு. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார் அப்பா. நான் அம்மாவின் பக்கம்தான். திங்களன்று அப்பாவுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று பத்திரகாளி அம்மனை வேண்டினேன்.

காய்ச்சல் வரவில்லை. பலகையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை இரண்டு எண்களையும் எழுதினார். நான் வாங்கில் இருந்த ஆணியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். "நான் சொன்னது பிழை. றகீம் கேட்டதுதான் சரி. அண்டைக்கே எனக்கு விளங்கினது, சொல்ல வாய் வரேல்லை" என்றார். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கீழே இறங்கிப் போய், அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கூப்பிடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி கூப்பிடுவதாக ஒத்துக்கொண்டார், ஆனால் அப்பாவை வைத்துக்கொள்ள ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளையளுக்கு முன்னால பிழை எண்டு சொல்லுற ஆளை வைச்சு எனக்கு இது நடத்த ஏலாது" என்றார், இரும்பு வாங்க வந்த சனத்துக்கு நடுவில்.

கதை ஊர் முழுக்கப் பரவியது. பள்ளிக்கூடத்தில் எனக்கு "ரெண்டுஞ்சமன்" என்று பட்டம் வைத்தார்கள். தண்ணீர்க் குழாயடியில், கோவில் வீதியில், எங்கே கண்டாலும் "ஏய், ரெண்டுஞ்சமன்." பட்டம் கேட்டு அழுதுகொண்டு வந்த என்னை அப்பா சமாதானப்படுத்த வந்தபோது, அவர் கையைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். கொஞ்சக் காலத்தில் அவருக்குப் புல்மோட்டைப் பக்கம் மணல் அள்ளும் இடத்தில் சாமான் அறை பார்க்கும் வேலை கிடைத்தது. லீவு கிடைத்தால் பஸ்ஸில் வருவார், மறுநாளே போய்விடுவார். றகீம் திரும்பி வந்து படித்தான் என்று மற்றப் பிள்ளைகள் சொல்லித்தான் அறிந்தேன். நான் அந்த மாடிப்படியில் பிறகு ஏறவேயில்லை.

இப்போது அந்தக் கடையும் இல்லை, மாடியும் இல்லை. கிண்ணியாவுக்குப் பாலம் வந்து பாதையும் போய்விட்டது. மூன்றின் ஐம்பத்து மூன்றாம் வலுவைக் கைத்தொலைபேசியில் தட்டினால் கண் வெட்டும் நேரத்தில் வந்து விழுகிறது. அப்பா போயும் வெகுகாலம். நான் கணக்கு ரீச்சராகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். பலகையில் பிழையாக எழுதிவிட்டு, பிள்ளை ஒன்று கையைத் தூக்கினால், "நீங்கள் கவனிக்கிறீங்களோ எண்டு பாக்கத்தான் அப்பிடி எழுதினனான்" என்று சொல்லி அழித்துவிடுவேன். எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோர் வாயிலும் இருந்த வசனம்தான் அது, பிள்ளைகளும் சிரித்துக்கொண்டு நம்பினார்கள். இந்த ஒரு வசனம் அன்றைக்கு அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் அந்த வேலை நிலைத்திருக்குமே, எங்களுக்கும் இந்த வெட்கக்கேடு வந்திராதே என்று நெடுங்காலம் நினைத்திருக்கிறேன். இப்போது யோசித்தால், அந்த வசனம் அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது.