‘வரலாமுங்களா?’ என்று கேட்டவர்

ஏழாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். பாதிப் பெயர்களைக் கூப்பிட்டிருப்பேன், தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். எங்கள் மேடம் எந்த வகுப்பு வாசலிலும் நிற்பவர் அல்லர். பேசிக்கொண்டே உள்ளே வருவார், பேசிக்கொண்டே வெளியே போவார். அன்று நின்றார். “டீச்சர், கொஞ்சம் வெளிய வாங்க” என்றார். சாதிக் சார் பள்ளிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

“நேத்துச் சாயங்காலம் என்கிட்ட ரெண்டு சாக்பீஸ் வாங்கிட்டுப் போனாருங்களே” என்றேன். சாக்பீஸ் வாங்கியவர் சாக மாட்டார் என்று எனக்குள் ஏதோ கணக்கு ஓடியிருக்க வேண்டும். வேறு எப்படி இப்படி ஒரு வார்த்தை வந்தது என்று தெரியவில்லை.

“மாடியில எட்டாவது பசங்க அவருக்காக உக்காந்திருக்காங்க. நீங்க போயிச் சொல்லிடுங்க, என்னால முடியாது” என்றார் மேடம். போனேன். மாடியில் எட்டாம் வகுப்புக் கதவு வழக்கம்போல் பாதி சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். பெஞ்சுகள் நேராக இருந்தன, நோட்டுகள் மேலே இருந்தன, ஒருவரும் பேசவில்லை. வகுப்புத் தலைவி கோகிலா எழுந்து, “டீச்சர், இது சார் பீரியடுங்க. நீங்க கேக்காம வந்துட்டீங்க” என்றாள். “இப்ப அதெல்லாம் வேண்டாம், உக்காரு” என்று சொல்லிவிட்டுச் செய்தியைச் சொன்னேன்.

கோகிலா எதைச் சொன்னாள் என்பது சாரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் தம்மம்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து மாறுதலில் எங்களிடம் வந்தவர் சாதிக் சார். சொந்த ஊர் சேலம். அப்பா அங்கே கைலிக் கடை வைத்திருந்தவர். சாருக்கு வயது நாற்பத்தேழு, என்னைவிட ஒன்பது வயது சின்னவர். அறிவியல் ஆசிரியர், எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். வந்த ஒரே மாதத்தில் எங்கள் பக்கத்தில் அன்பாகக் கூப்பிடும் ‘சாமி’யைப் பிடித்துக்கொண்டார். பையனும் சாமி, பெண்ணும் சாமி, சத்துணவு அக்காவும் சாமி. கோபம் வந்தால்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதனால் தன் பெயரைச் சார் வாயில் கேட்டாலே பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

அந்த ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் நாள் நான் என் பதினான்கு விதிகளைச் சார்ட்டில் எழுதி ஏழாம் வகுப்பில் மாட்டினேன். முப்பத்தொரு வருடமாக மாட்டுகிறேன். அனுமதி பெற்றே வகுப்பிற்குள் நுழைய வேண்டும் என்பது அதில் இரண்டாவது. ஒரு வேலையாக மாடிக்குப் போனால், இந்த மனிதர் தன் வகுப்புக் கதவுக்கு வெளியே நிற்கிறார். கதவில் ஒரு விரலால் ஒரு தட்டு. “வரலாமுங்களா?” உள்ளேயிருந்து, “வாங்க சார்!” அப்புறம்தான் போனார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டு நுழைய வேண்டியது பிள்ளைகளா, வாத்தியாரா?

விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. தினமும் முதல் பாடவேளைக்கும், மதியம் சோற்றுக்குப் பிறகும் கேட்பார். பிள்ளைகளிடம் அவர் சொன்னதை வெளியே நின்று நானே கேட்டேன். “நான் கேட்டுட்டுத்தான் வருவேன் சாமிகளா. நீங்க வாங்கன்னு சொன்னாத்தான் வருவேன். ஆனா வாங்கன்னு சொல்லிட்டீங்கன்னா எல்லாம் தயாரா இருக்கோணும். பெஞ்சு நேரா, நோட்டு மேல, வாய்க்குள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது. தயார் இல்லைன்னா இருங்கன்னு சொல்லுங்க, நிக்கறேன்.” மற்ற ஆசிரியர்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது, அவருக்கு மட்டும்தான். அவரே தனக்குப் போட்டுக்கொண்டது.

ஜூன் முதல் வாரம் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். பெஞ்சை இழுக்காமல் தூக்கி வைப்பது எப்படி, தண்ணீர் குடிக்கப் போகிறவன் எந்தப் பக்கமாக வெளியே போய் எந்தப் பக்கமாக உள்ளே வருவது, இதையெல்லாம் நாடக ஒத்திகை மாதிரி நடத்திக்கொண்டிருப்பார். தான் கோபப்படுவதற்கும் ஒத்திகை வைத்திருந்தார். “நான் கத்த ஆரம்பிச்சா என்ன செய்யோணும்?” என்று கேட்பார். முதல் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து அவருடைய தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒருநாள் ஆய்வக ஜாடி ஒன்று உடைந்து அவர் நிஜமாகவே கத்தினார், கீழே எனக்குக் கேட்டது. சட்டென்று சத்தம் நின்றது. என்னவோ ஏதோ என்று மேலே ஓடினால், மனிதர் நின்றபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார், முப்பது பிள்ளைகளும் அவர் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். சிரிப்பதா, வாத்தியார் மானம் போயிற்றே என்று வருந்துவதா? இரண்டும் தெரியாமல் இறங்கி வந்தேன்.

போன வருடம் வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளியைப் பார்வையிட வந்தார். முதல் பாடவேளை. சாரும் அலுவலரும் மாடியேறினார்கள், பின்னால் மேடம், அவருக்குப் பின்னால் அழைக்காமலே நான். சார் கதவைத் தட்டினார். “வரலாமுங்களா?”

உள்ளே ஏதோ கிசுகிசுப்பு. அப்புறம் ஒரு குரல்: “இருங்க சார்.”

அலுவலர் சாரைப் பார்த்தார். சார் கதவைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார், நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்பது போல. பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. யாரோ ஓடினார்கள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒரு வாளி தரையில் வைக்கப்பட்டது. நான்கு நிமிடம் இருக்கும், எனக்கு நாற்பதாகப் பட்டது. “வாங்க சார்” என்று குரல் வந்ததும் போனோம். நான் மூலை முடுக்கெல்லாம் கண்ணால் துழாவினேன். தரையில் ஓர் இடத்தில் ஈரம், அவ்வளவுதான். “என்ன நடந்துச்சு?” என்றார் அலுவலர். அப்போதைய வகுப்புத் தலைவன் எழுந்து, “முடிஞ்சிருச்சுங்க சார்” என்றான். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. பாடத்தில் கேள்வி கேட்டார், பிள்ளைகள் நன்றாகவே பதில் சொன்னார்கள்.

அவர் போனதும் மேடம் சாரைப் பிடித்துக்கொண்டார். “இந்தக் கூத்தை இன்னையோட நிறுத்துங்க சார்.” “சரிங்க மேடம்” என்றார் சார். மறுநாள் காலை கதவைத் தட்டி, “வரலாமுங்களா?” என்றார்.

மதியச் சாப்பாட்டின்போது நான் விடவில்லை. “என்னதான் பண்ணுனாங்களாமா?”

“தெரியலீங்க டீச்சர். நான் கேக்கலீங்க.”

“ஏனுங்க, ஒரு வாத்தியார் கேக்க வேண்டாமுங்களா?”

“கேட்டா, அடுத்த தரம் இருங்கன்னு சொல்ல மாட்டாங்க. வாங்கன்னு மட்டுந்தான் சொல்லுவாங்க. அப்பறம் நான் கேக்கறதுல என்னங்க இருக்குது?”

எனக்கு ஆத்திரமாக வந்தது. தெரிந்துகொள்ளாமல் இருப்பது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத விஷயம். அந்த நான்கு நிமிடத்தில் நடந்தது இன்று வரை எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைகள் இப்போது சேந்தமங்கலத்தில் ஒன்பதாவது படிக்கிறார்கள். பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார்கள், வேறொன்றும் சொல்வதில்லை.

சரி, எதற்காக இப்படிக் கேட்கிறார்? இங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது. மேடத்திடம் அவர் சொன்னது: “கிளாஸ் தானா அமைதியாயிருமுங்க, வேற ஒண்ணுமில்லை.” என்னிடம் சொன்னது வேறு. ஒருநாள் மாடிப்படி மேலே நின்று நேராகவே கேட்டேன். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். “இருவத்திரண்டு படிங்க டீச்சர். மூச்சு வாங்குது. பசங்க முன்னாடி இரைக்கக் கூடாதுல்லங்க? வரலாமான்னு கேட்டா அரை நிமிசம் கெடைக்குது.”

“நாப்பத்தேழு வயசுல என்ன சார் இரைப்பு! நான் அம்பத்தாறு, ஏறி வாரேன்ல?” என்று கேலி செய்தேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

இதயம்தான் என்று டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து அந்தச் சிரிப்பு என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. வேடிக்கைக்குச் சொன்னாரா, உண்மையைத்தான் வேடிக்கை போலச் சொன்னாரா? ஒருதரம் டாக்டரைப் பாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் போயிருப்பாரா? ஊரில் உள்ள அத்தனையையும் தோண்டித் துருவுகிறவள், தோண்ட வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலமே சேலத்தில் அடக்கம். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் மனைவி சபீனா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்கக்கூடாத நேரம்தான், ஆனாலும், கேட்டுவிட்டு உள்ளே வருகிற பழக்கம் சாருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டேன். “எங்க மாமனார் பழக்குனதுங்க” என்றார். “எங்க ஊடுகள்ல வாசல்ல நின்னு சலாம் சொல்லிக் கேக்கோணும். உள்ள வரச் சொன்னாத்தான் வரோணும். மூணு தரம் கேட்டும் பதில் இல்லைன்னா திரும்பிப் போயிரோணும்.” அப்பாடா, விடை கிடைத்துவிட்டது என்று நிமிர்ந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆனா நம்ம ஊட்டுல எங்கீங்க நின்னாரு? சலாம் சொல்லிக்கிட்டே நேரா அடுப்படிக்கு வந்துருவாரு. இஸ்கோல்ல நின்னாரா? அது எனக்குத் தெரியாதுங்களே” என்றார். கிடைத்த விடையும் கையை விட்டுப் போயிற்று.

சார் இடத்துக்கு ஆள் வரும் வரை எட்டாம் வகுப்பின் முதல் பாடவேளையை என்னிடம் கொடுத்தார் மேடம். என் சார்ட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். பதினான்கு விதிகளும் முதல் நாளே அப்படியே நடந்தன. எந்த வகுப்பிலும் நான் பார்க்காத ஒழுங்கு. ஒரு வாரம் சந்தோஷப்பட்டேன். இரண்டாவது வாரம் பயம் வந்துவிட்டது. யாரும் சந்தேகம் கேட்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. போன வருடம் ஏழாவதில் என்னை உண்டு இல்லை என்று பண்ணிய அதே பிள்ளைகள்!

சாப்பாட்டு வரிசையில் கோகிலாவைத் தனியே கூப்பிட்டேன். “ஏன் சாமி, என்மேல கோவமா? யாருமே பேச மாட்டேங்கறீங்க?”

“கோவமெல்லாம் இல்லீங்க டீச்சர். நீங்க எப்ப வேணா வந்துருவீங்க. அதனால எப்பவும் தயாராவே இருக்கறமுங்க.”

குற்றம் சொல்கிற குரலே இல்லை. மழை வரும், குடை எடுத்து வந்தோம் என்பது போலச் சொல்லிவிட்டுத் தட்டோடு போய்விட்டாள். கேட்டதனால் அவருடைய வகுப்பு அமைதியாக இருந்தது, கேட்காததால் என் வகுப்பும் அமைதியாக இருக்கிறது. இரண்டும் ஒரே அமைதி இல்லை என்பது மட்டும் புரிகிறது. அதற்கு மேல் புரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை படியேறிப் போனேன். மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. தினமும் வாங்கியிருக்கும், நான் நிற்காததால் தெரியவில்லை போலிருக்கிறது. கதவு பாதி சாத்தியிருந்தது. மேடம் பார்க்கிறாரா என்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. ஒரு விரலால் தட்டி, “வரலாமா?” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் தட்டினேன்.

“வரலாமுங்களா?”

உள்ளே அசைவு நின்றது. அப்புறம் கோகிலாவின் குரல்: “இருங்க டீச்சர்.”

நின்றேன். பெஞ்சு நகர்ந்தது. யாரோ அழுவது கேட்டது, ஒருவர் அல்ல, பல பேர். இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தார்களோ. இரண்டடி தள்ளி ஜன்னல். அதன் ஒரு கதவு உடைந்து கிடப்பது எனக்குத் தெரியும். கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. பிடித்து நிறுத்திக்கொண்டேன். மூச்சு மெல்ல அடங்கியது. அப்போதுதான் செய்தி சொல்ல வந்த அந்தக் காலை நினைவுக்கு வந்தது. அன்று நான் கேட்டிருந்தால், இவர்கள் “இருங்க” என்று சொல்லியிருந்தால், அந்தச் செய்தியும் என்னோடு இங்கே வெளியே நின்றிருக்கும். உள்ளே இவர்களுக்குச் சார் இன்னும் நான்கு நிமிடம் படியேறி வந்துகொண்டே இருந்திருப்பார்.

“வாங்க டீச்சர்” என்றார்கள். போனேன். எல்லார் முகமும் கழுவியிருந்தது. பெஞ்சு நேராக இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

சாதிக் சார் ஏன் கேட்டார் என்பது உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். மூச்சுக்கா, அப்பா பழக்கியதற்கா, வகுப்பு அடங்குவதற்கா? எனக்கு விளங்கவில்லை. இனி அவரிடம் கேட்கவும் வழியில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான், அந்தக் கதவுக்கு வெளியே ஓர் ஆள் நிற்கிற இடம். தினமும் காலையில் அங்கே நிற்கிறேன்.