கல் என்றால் நேற்று

பதினொன்றாம் வகுப்பில் எனக்கு வர வேண்டிய கேப்டன் பேட்ஜ், மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு மாற்றலாகி வந்த அதிகாரியின் மகளுக்குப் போனது. அவள் பள்ளிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவளுக்கு இங்கிலீஷ் நன்றாக வருகிறது, நீ கூட இருந்து உதவி செய் என்றார் டீச்சர்.

சனிக்கிழமைகளில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் உதவி மேசை போடலாம் என்றதே நான்தான். வெளித்தீவுக்காரர்களுக்கு எந்த போட், எந்த வரிசை என்று அவரவர் மொழியில் சொல்ல வேண்டும். ஷாதிபூரில் எங்கள் வீட்டைச் சுற்றி இல்லாத மொழி இல்லை, எனக்கு நாலு மொழியில் வழி சொல்ல வரும். மேசையைத் தூக்கியது நான், வெயிலில் கத்தியது நான். அசெம்பிளியில் 'என்னுடைய ப்ராஜெக்ட்' என்று பேசியது அவள். இவள் மூக்கை உடைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டே அவள் பின்னால் நின்றேன்.

கல்வித் துறையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி மேசையைப் பார்க்க வந்த சனிக்கிழமை அது. கேப்டன் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வரிசையில் கட்டைப்பையோடு ஓர் அம்மா, பின்னால் நின்றவளிடம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நேத்து கடல் சரியில்லன்னு போட்ட நிறுத்திட்டாங்க. இந்த டிக்கெட்லயே இன்னிக்கு ஏத்துவாங்களாம். நாளைக்குக் காலையில மகளுக்கு வளைகாப்பு. வளையல் பூரா இந்தப் பையிலதான் இருக்கு."

கேப்டனுக்கு முன்னால் வந்ததும் அந்த அம்மா டிக்கெட்டை நீட்டி, தெரிந்த இந்தியில் சொன்னார்: "கல் கா டிக்கெட். லாங் ஐலண்ட்."

இந்தியில் நேற்றும் 'கல்'தான், நாளையும் 'கல்'தான். பின்னால் வரும் வினைச்சொல்தான் எது என்று காட்டும். எங்கள் தீவு இந்தியில் அந்த வினைச்சொல்லை விழுங்கிவிடுவோம், டிக்கெட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். அவள் டிக்கெட்டைப் பார்க்கவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டிருந்த போனைப் பார்த்துச் சிரித்தபடி, "தோ கல் ஆயியே, ஆன்ட்டி" என்றாள். அப்படியானால் நாளைக்கு வாருங்கள்.

இன்றைக்கும் போட் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து அந்த அம்மா ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார்.

லாங் ஐலண்ட் போட் முப்பதடி தள்ளி நின்றது. ஒரு வார்த்தை போதும். நான் வாயைத் திறக்கவில்லை. இதற்காகத்தானே காத்திருந்தேன்! ஆள் ஏறும் பலகையை எடுத்தார்கள், கயிற்றை அவிழ்த்தார்கள். போட் ஹார்ன் அடித்து நகர்ந்த பிறகு, அந்த அம்மாவின் டிக்கெட்டை வாங்கி அதிகாரியிடமே நீட்டினேன். "ஸார், யே பீத்தா ஹுவா கல் ஹை." இது கழிந்துபோன கல்.

அதிகாரி தேதியைப் பார்த்தார், போட்டைப் பார்த்தார், பிறகு கேப்டனைப் பார்த்தார். டீச்சர் முகம் செத்துவிட்டது. அவள் அத்தனை பேர் முன்னால் அழுதாள். எனக்கு இனித்தது. இன்றைக்கும் அவளுக்காக நான் இரக்கப்படவில்லை, அவள் அழுதது அவளுக்குத் தகும்.

அந்த அம்மா எழுந்து என்னிடம்தான் வந்தார். போட் போன பக்கம் கையைக் காட்டினார். "அதுவா எங்க போட்டு?" என்றார். பிறகு என் முகத்தையே பார்த்தார்.

"நான் வரிசையில பேசுறப்ப நீ இங்கதானே நின்ன? நீ தமிழ்ப் புள்ளதானே?"

அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார், டீச்சரும். திங்கட்கிழமை அந்த பேட்ஜ் எனக்கு வந்துவிடும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. வந்தும்விட்டது.

"நஹீன், ஆன்ட்டி" என்றேன். "தமிழ் நஹீன் ஆத்தா." எனக்குத் தமிழ் வராது.