அட்டையில் எழுதிய மூச்சு

அறுபதுகளின் நடுவில் நான் ஸ்ரீரங்கத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். அப்போது திருச்சிக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். வெளிநாட்டில் மெஷினுக்கு மொழி கற்றுக்கொடுக்கிறார்களாம். தமிழையும் அதற்குத் தயார் செய்ய வேண்டுமாம்.

"வந்தான், போனான் எல்லாம் மெஷினுக்குப் பிடிபட்டுடும். எப்படி வந்தான், எப்படிப் போனான்னு சொல்ற வார்த்தைதான் தகராறு" என்றார். ஜனங்கள் பேசுகிறபடியே அட்டைக்கு ஒரு பேச்சாக எழுதி, அந்த 'எப்படி'க்குக் கீழே கோடு போட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஞாயிறுதோறும் காந்தி மார்க்கெட்டுக்குப் போவேன். வாழைத்தார் இறக்கும் துறையூர்க்காரர் ஒருவர் வாயைத் திறந்தாலே எனக்கு நாலு அட்டை நிரம்பும். "எல்லாரும் வாழைக்காய் வாங்க வர்றாங்க, தம்பி மட்டும் வாயப் புடுங்க வர்றாரு" என்பார்.

ஒரு ஞாயிறு அவர் தார் இறக்காமல் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே?"

"மூச்சு விட்டு விட்டு வருது தம்பி. படுத்தா முட்டிக்கிட்டு நிக்குது."

ஒரே பேச்சில் இரண்டு 'எப்படி' கிடைத்துவிட்டது எனக்கு. "இன்னொரு தரம் சொல்லுங்கண்ணே" என்று கேட்டு எழுதினேன். சொன்னவரின் வயதையும் குறிக்கும்படி ஆசிரியர் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். வயதைக் கேட்டேன். ஐம்பது இருக்கும் என்றார். "உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வெங்காயக் கடைப் பக்கம் நகர்ந்தேன். அவர் முகம் அன்று எப்படி இருந்தது என்று இப்போது யோசித்தாலும் நினைவு வரவில்லை. நான் பார்த்திருந்தால்தானே.

அடுத்த ஞாயிறு அவர் இல்லை. "வெள்ளிக்கிழமையே போய்ச் சேந்துட்டாருங்க" என்று கூட வேலை பார்த்தவர் வீட்டுக்கு வழி காட்டினார்.

அவர் மனைவி என் கையிலிருந்த அட்டைகளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கெஞ்சினேங்க. அவருதான், தம்பி வயசெல்லாம் கேட்டு எழுதிட்டுப் போயிருக்காரு, பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கத்தான், சீட்டோட போனா நல்லா பாப்பாங்கன்னு வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. சீட்டு கெடைக்க நாளாகுங்களா?"

"ஆகும்மா" என்றேன்.

"நீங்கதான் என்ன பண்ணுவீங்க, பாவம்" என்று ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். இல்லையம்மா, அது ஆஸ்பத்திரிக்கு எழுதியதில்லை என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. நான் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.